மின்னாத துகள்

கைதட்டினது போதும் தோழர்களே... கொஞ்சம் உக்காருங்க. ஒரு சின்னக் கதை இருக்கு, அதைக் கேட்டுட்டு அப்புறம் கோஷம் போடலாம்.

அமலோற்பவம்னு ஒரு பொண்ணு, அமலின்னு கூப்பிடுவாங்க. ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. அவ அக்காவுக்கு மார்புக்குள்ள ஆழத்துல ஒரு கட்டி... தெரிய வந்தப்ப கைமீறிப் போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச வேலை இது. ஆழத்துல இருக்கற கட்டியைக் கண்டுபிடிச்சு அழிக்க, கண்ணுக்கே தெரியாத பாலிமர் துகள். நானோ துகள்னு சொல்றாங்களே, அது. தண்ணியில கலந்தா டிகாக்‌ஷன் மாதிரி கருப்பா இருக்கும்.

அந்த வேலையைத் தொடரலாமா, மூடலாமான்னு பாக்க ஒரு குழு வந்துச்சு. கடையில வாங்கின கோழி நெஞ்சுக்கறியை அடுக்கி, அடியில துகளை ஒளிச்சு வச்சா அமலி. அங்க அதான் வழக்கம். மனுஷ உடம்புக்கு முன்னாடி கோழிக்கறி!

குழுத் தலைவர் இருட்டுல மின்னுற சாயத்தை ஆராய்ஞ்சு பேர் வாங்கினவர். வந்ததும் வராததுமா, "லைட்டை அணைங்கப்பா!" அணைச்சாங்க. இருட்டுல எல்லாரும் கறியையே பாக்குறாங்க... பாக்குறாங்க... ஒண்ணும் இல்ல.

"என்னம்மா, மின்னவே இல்லியே?"

"மின்னாது சார்."

"மின்னாதா! அப்ப இந்தக் கருப்புத் தண்ணியை வச்சு என்ன பண்றது?"

சிரிச்சாங்க தோழர்களே! அமலி விறுவிறுன்னு போய் லைட்டைப் போட்டா. "சார், மின்னுறது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இது முழுங்கும். முழுங்கினா சூடாகும். சூடுல விரியறப்ப ஒரு சத்தம் வரும். நமக்குக் கேக்காது, கருவிக்குக் கேக்கும். கறியைப் பாக்காதீங்க... ஸ்கிரீனைப் பாருங்க!"

லேசரை அடிச்சா. அத்தனை அடுக்குக்கும் அடியில, துகள் எங்க இருந்துச்சோ அங்கயே, ஸ்கிரீன்ல ஒரு புள்ளி! தலைவர் வாயைத் திறக்குறதுக்குள்ள லேசரைக் கூட்டினா. அப்புறம் கறியைப் பிரிச்சுக் காட்டினா. துகள் இருந்த இடம் மட்டும் வெந்து வெளுத்திருக்கு. சுத்தி எல்லாம் பச்சைக்கறி.

"இது கோழிக்கறிதான் சார். நோயாளிகிட்ட போக இன்னும் தூரம் இருக்கு. அதை நான் நடக்கணும். மூடுறதுன்னா மூடுங்க... என் அக்கா மாதிரி படுத்திருக்கறவங்ககிட்ட வந்து நீங்களே சொல்லுங்க, மின்னவே இல்லன்னு மூடிட்டோம்னு!"

மூடல தோழர்களே. அவங்களால மூட முடியல.

இதை ஏன் சொல்றேன்? நேத்து நம்ம ஆஸ்பத்திரி அதிகாரி என்ன கேட்டாரு? "இத்தனை வருஷம் சத்தமே இல்லாம இருந்தீங்களே, ஒப்பந்த நர்ஸுங்களுக்கு இப்ப என்ன வந்துச்சு?" ஆமாய்யா... முழுங்கினோம்! திட்டை முழுங்கினோம். பேறுகால லீவு கேட்டா வேலையை விட்டுப் போன்னீங்களே, அதையும் முழுங்கினோம். முழுங்கினதெல்லாம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க? உள்ளதான் இருக்கு... சூடா இருக்கு!

ஆனா ஒண்ணு. அந்தத் துகள் கண்ட இடத்தைச் சுடல. வார்டுல படுத்திருக்கற யார் மேலயும் நம்ம சூடு படக்கூடாது. அவசரப் பிரிவையும் வார்டையும் பாத்துக்க நம்ம ஆளுங்க போயிட்டாங்க. மத்தவங்க இங்கதான். சுட வேண்டிய இடம் நமக்குத் தெரியும். பணி நிரந்தர ஆணை கைக்கு வர்ற வரைக்கும் இந்த வாசலை விட்டு ஒருத்தி நகர மாட்டா!

இப்ப போடுங்க கோஷம்.