கையில் கட்டிய கேமரா

கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் படம் எவ்வளவு தெளிவாக விழும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் அதன் ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பேன். விமானத்திலிருந்து குதிக்கிறவனுக்குத் தெளிவெல்லாம் அப்புறம்தான். பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் முதுகுக்குப் பின்னாலிருந்து சாட்டை மாதிரிக் கிளம்பும். துருத்திக்கொண்டிருக்கும் எதிலாவது ஒரு கயிறு மாட்டினால் போதும், மிச்சக் கதையை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஐயா, இவன் தெரியாமல் வாங்கிவிட்டான் என்று என் வக்கீல் சொன்னால் நம்பாதீர்கள். இந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவன் எங்கள் மைதானத்தில் கிடையாது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆசைக்கு ஒரு முறை குதித்துப் பார்க்க வருகிறவர்களைப் பயிற்சியாளர் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். நானும் கூடவே குதித்து, அவர்களுக்கு எதிரே விழுந்துகொண்டே படம் எடுப்பேன். கேமரா என் ஹெல்மெட்டின் மேல் இருக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன வளையம். அதற்குள் முகம் இருந்தால் படத்திலும் முகம் இருக்கும். தலை திரும்பினால் படமும் திரும்பிவிடும் என்பதால் என்ன நடந்தாலும் தலையைத் திருப்பக் கூடாது. பிறகு அவர்களுக்கு முன்பே தரையிறங்கி, அவர்கள் இறங்குவதையும் எடுக்க வேண்டும். எனக்கு வேறு வேலை தெரியாது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆனால் காற்றில் முழங்கால் வலிப்பதில்லை.

பயிற்சியாளர் என் தங்கையின் கணவர். மைதானமும் அவருடையதுதான். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் இருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தார்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. இப்ப எல்லா இடத்துலயும் கையுறையிலேயே சின்ன கேமராவ மாட்டிக்கிறாங்க. குதிக்கிறவரே எடுத்துடறாரு. தனியா ஒரு ஆள் தேவைப்படல."

"அப்ப நான் என்ன பண்றது மாப்பிள்ளை?"

"ஆபீஸ்ல உக்காந்து டிக்கெட் குடுங்க. வெயில்ல எதுக்கு அலையணும்?"

"அண்ணனுக்கும் வயசாகுதுல்ல" என்றாள் தங்கை, என் முகத்தைப் பார்க்காமலே.

மாடிக்குப் போய் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பொய் சொல்லவில்லை, குழந்தை மாதிரி அழுதேன். நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கவா இத்தனை வருஷம் குதித்தேன்? கையில் கட்டிய கேமரா குரங்கு கையில் பூமாலைதான். மூக்குத் துவாரமும் மோவாயும் தவிர அதில் என்ன விழும்?

கேமராவையும் கையுறையையும் வாங்கும் பொறுப்பை மாப்பிள்ளை என்னிடமே கொடுத்தார். "உங்களவிட யாருக்கு மச்சான் தெரியும்?" என்றார். கேலியில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

கடையில் இரண்டு வகைக் கையுறைகள் இருந்தன. ஒன்றில் கேமரா கையோடு வழவழப்பாகப் படிந்திருந்தது. மற்றதில் கேமராவுக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து. நான் சந்து உள்ளதை வாங்கினேன். கோணம் நன்றாக இருக்கும் என்று சொன்னேன், கோணம் நன்றாகவும் இருந்தது. கேமராவைப் பிடித்திருக்கும் ஊசி பிளாஸ்டிக்கில் இருக்கும். கயிறு மாட்டி இழுத்தால் அது உடைந்து கேமரா கழன்றுவிடும், ஆள் தப்பித்துக்கொள்வார். அதை எடுத்துவிட்டு எஃகுத் திருகாணி போட்டேன். விலையுயர்ந்த பொருள், தொலைந்துவிடக் கூடாது அல்லவா?

மாப்பிள்ளை போட்டுப் பார்த்துக் கையை வீசியபோது, கொடியில் உலர்ந்துகொண்டிருந்த பாராசூட்டின் கயிறு ஒன்று அந்தச் சந்துக்குள் போய்விட்டது.

"மாட்டுதே மச்சான்?"

"புதுசுல்ல, பழகினா சரியாயிடும்."

நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

நான் விரும்பியது ஒரு சின்னப் பயம், அவ்வளவுதான். ஒருமுறை மாட்டும், உதறிக்கொள்வார், இறங்கியதும் இந்தச் சனியன் வேண்டாம் மச்சான் என்பார். கொஞ்ச நாள் அவர் கையிலும் என் தலையிலுமாக இரண்டு கேமராவோடும் குதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் அவர் நல்லபடியாகவே இறங்கினார். இறங்கிய ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தில் கயிறு உரசிய தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் ஒருநாள் காலையில், நாளையிலிருந்து நீங்கள் குதிக்க வேண்டாம் என்றார்.

அன்று பாராசூட் மடிக்கும் ஆள் வரவில்லை. நான் மடிக்கிறேன் என்றேன். இடது பக்கக் கயிறுகளைக் கட்டாமல் தளர்வாக விட்டு மடித்தேன். கேமரா அவருக்கு இடது கையில்.

அன்று வந்தவர் ஒரு தையல்கார அம்மா. மகள் ஆசைப்பட்டு அனுப்பி வைத்திருந்தாள். விமானத்தில் என்னிடம், "தம்பி, என் மூஞ்சி நல்லா விழுமா?" என்று கேட்டார். "நான் இருக்கேன்லம்மா" என்றேன். அவருக்காக நான் வருந்துகிறேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

பாராசூட் விரிந்தது. கயிறு மாட்டியது. மாப்பிள்ளையின் கை மேலே இழுபட, பாராசூட் ஒருபக்கமாகச் சாய்ந்து சுழல ஆரம்பித்தது. அதைக் கழற்றிவிடப் பார்த்தார், கையோடு கட்டுண்டிருந்ததால் போகவில்லை. ஆபத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட்டைத் திறந்தார், அது முதலாவதோடு சுற்றிக்கொண்டது. அதற்குள் நான் தரையில் நின்றிருந்தேன். ஓடினேனா என்று கேட்டீர்கள். ஓடி என்ன ஆகப்போகிறது? தலையைத் திருப்பாமல் நின்றேன்.

கையுறைக் கேமராவின் படத்தை நேற்று போட்டுக் காட்டினீர்கள். கயிறோடு போராடிக்கொண்டே, "ஒண்ணும் இல்லம்மா, கீழ மச்சான் நிக்கறாரு, பயப்படாதீங்க" என்று அவர் சொல்வது கேட்டது. கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஐயா, அந்தப் படம் ஒரே ஆட்டம். பாதி வானம், பாதி மோவாய். என் படத்தில் இரண்டு பேர் முகமும் தரை வரைக்கும் அசையாமல் இருக்கிறது. வெளியே பெஞ்சில் என் தங்கை அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, அவளை உள்ளே கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். தனியாக ஒரு ஆள் தேவையா இல்லையா என்று அவளே சொல்லட்டும்.