முட்டி வீக்கத்துக்கு மீன் எண்ணெய்

காலை மின்சார ரயில் பட்டாபிராமைத் தாண்டியபோது, "மீன் வாசனைக்கே மூக்கப் பொத்துவே, மீன் எண்ணெய் மாத்திரை போடுறியா?" என்று எதிர் இருக்கையில் ஒருத்தி கேட்டாள். ஓட்டப் பயிற்சிக்குப் போகும் இரண்டு தோழிகள்.

"முட்டி வீங்கிக்கீதுடி. மஞ்சத்தூள் மாத்திரையும் போட்டுகினுதான் ஓடுறேன்."

"வீக்கம் வத்துச்சா?"

"இல்ல. அடுத்த வாரம் போலீஸ் தேர்வுல ஓடணுமே."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஓடாதேன்னுடுவாருன்னு போகவே இல்ல."

கேட்டவள் அவளுடைய ஷூ பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிரவுண்டுக்கு நாளைக்குப் போலாம். அம்பத்தூர்ல எறங்கி டாக்டராண்ட காட்டலாம்."

"ஓட வேணாம்னுட்டா?"

"அடுத்த தேர்வுக்கு ஓடு. முட்டியே போச்சுன்னா எந்தத் தேர்வுக்கு ஓடுவே?"

முட்டி வீங்கியவள் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தாள். அம்பத்தூர் வந்ததும், தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கியவள் அவள்தான்.