எமிலுக்குக் காய்ச்சல் வராது

ஹலோ... ஆங் அக்கா, எமில்தான் பேசுறேன். ஒண்ணு சொல்றேன், எழுதி வெச்சுக்கோ. இந்த மினசோட்டா மாநிலத்துலயே சளி, காய்ச்சல் எதுவும் அண்டாத ஒரே உடம்பு என்னுது. வைரஸ் உள்ள வந்தா, அதுக்குத்தான் காய்ச்சல் வரும்...

இல்ல, விளையாட்டுக்குச் சொல்லல. விடுதில பாதிப் பேர் படுத்துட்டானுங்க. நேத்து புள்ளியியல் வகுப்புல நானும் ஜன்னலும்தான். பேராசிரியரும் வரல...

ஆமா... ஆமா, ஆமா, நீ அனுப்பின சட்டதிட்டமெல்லாம் படிச்சேன். வாசல்லயே கோட்டைக் கழட்டணும். சோப்பு போட்டு இருபது செகண்ட் கை கழுவணும். மூஞ்சில முத்தம் கிடையாது. அக்கா, நாங்க உன் பிள்ளையைப் பார்க்க வர்றோமா, இல்ல கனடா எல்லையைத் தாண்டப் போறோமா?...

சரி, கத்தாத. தியோ முழிச்சுக்கப் போறான்...

காய்ச்சல் தடுப்பூசியா? அதான் இங்கயே போடுறாங்களே. சாப்பாட்டுக் கூடத்து வாசல்லதான் நிக்கிறேன், கண்ணு முன்னாடியே மேசை. வரிசைல நம்ம ஹாக்கி கோல்கீப்பர் நிக்கிறான், ஆறரை அடி. மூஞ்சிக்கு நேரா வர்ற அடியையே கண் சிமிட்டாம தடுக்கறவன், பாலர் பள்ளிப் பிள்ளையாட்டம் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு... ஊசி போட்டா பிஸ்கட் இலவசமாம். ஒரு பிஸ்கட்டுக்கு மானத்தை விக்கிறானுங்க...

யாரு? வெண்டலா? மாமாவோட தம்பி வெண்டலா?... பிளாஸ்திரி ஒட்டின கையைப் போட்டோ வேற எடுத்து அனுப்பினானா? அனுப்புவான், அனுப்புவான்...

அதுக்கென்ன இப்ப?... அக்கா. நில்லு. ஞானஸ்நானத்துல ஞானத்தந்தை நான்தானே?... 'ஊசி போட்ட ஆள்தான் தூக்கணும்'னா என்ன அர்த்தம்?... போதகர் கையிலேர்ந்து தியோவை வெண்டல் வாங்குவானா! அவனுக்குப் பூனையைக்கூடத் தூக்கத் தெரியாதுக்கா!

...ம்... ம்... தெரியும். அஞ்சு வாரம் முன்னாடியே பொறந்தான்... ஆஸ்பத்திரில அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நானும்தானே நின்னேன்... சத்தியமா எனக்கு வராதுக்கா...

ஓ.

எனக்கு ஒண்ணுமே தெரியாமலே என்கிட்டேர்ந்து அவனுக்குத் தொத்திருமா?...

...ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகுமா? ஞானஸ்நானத்துக்கு இன்னும்... சரியா ரெண்டு வாரம்...

இல்ல, இல்ல, லைன்லதான் இருக்கேன். சும்மா நடக்குறேன்... ஏங்க, வரிசைல கடைசி ஆள் நீங்களா?... உன்கிட்ட இல்லக்கா... கூட்டம்தான்... என்ன சத்தம்? ஒரு சத்தமும் இல்ல. நீ பேசு, பேசிக்கிட்டே இரு... தியோ பால் குடிச்சானா?... எவ்வளவு?... அவ்வளவா! பலே...

ஒரு நிமிஷம்க்கா.

வணக்கங்க... எமில்... இடது கை... ஆமாங்க, முதல் தடவை... அது வந்து... படுத்துக்கிட்டே போட்டுக்கலாமா?

...அக்கா, சிரிக்காத. வெண்டல்கிட்ட மட்டும் சொன்னே... வைக்கிறேன்!