ஓடுகிறவர்கள் படிக்க முடியாத எழுத்து

அக்காவைக் கொன்றது புகை அல்ல. இந்த நிறுவனம் கதவுக்கு மேலே மாட்டிய பலகை.

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேலாளர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, என்னோடு அந்தப் புகையில் இருமிய தோழர்களே! வணக்கம். இரங்கல் உரையை இப்படித் தொடங்கியதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எங்கள் வடிவமைப்புப் பிரிவின் தலைவர் அவர். எல்லோருக்கும் கத்திரிக்கோல் அக்கா. கணினியைத் தொடுமுன் கறுப்புக் காகிதத்தில் எழுத்தை வெட்டிப் பார்ப்பார். அப்படி வெட்டி வெட்டிப் பிறந்ததுதான் 'பாதி' என்ற எழுத்துரு. ஒவ்வொரு எழுத்திலும் பாதிக் கோடுகளை எடுத்துவிட்டார். மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே வரைந்துகொள்ளும். நாடகச் சுவரொட்டியில் ஒரே ஒரு சொல்லாக ஆள் உயரத்துக்கு நின்றபோது, சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்களே! புத்தக அட்டையில் அது என்ன அழகு!

பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததும் இயக்குநருக்கு ஆசை வந்தது. கட்டடத்தில் எல்லாப் பலகையும் இனி 'பாதி'யில்தான் என்றார்.

"சார், இது நின்னு பார்க்கிற எழுத்து. பெருசா போடணும், ரெண்டு மூணு சொல்லுக்கு மேல போகக் கூடாது. அவசரத்துல ஓடுறவனுக்கு இதைக் காட்டாதீங்க" என்றார் அக்கா.

"என்னம்மா, பெத்த பிள்ளையையே குறை சொல்றீங்க?" என்றார் இயக்குநர். அறையே சிரித்தது.

பிறகும் சிரித்தோம். விருந்தினர் ஒருவர் பலகையைப் பார்த்துக் கழிப்பறை என்று நினைத்துக் கணக்குப் பிரிவுக்குள் நுழைந்து பெல்ட்டைத் தளர்த்தினாரே, அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடியும் இயக்குநர் அறைக்குப் போனார். மறுபடியும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

போன வாரம் மின்கம்பி எரிந்தது. புகை மண்டியது, விளக்குகள் அணைந்தன, தினமும் நாங்கள் ஏறி இறங்கும் மின்தூக்கியும் நின்றது. கைப்பேசி வெளிச்சத்தில் பலகையைப் பார்த்து, மாடிப்படி என்று நாங்கள் முண்டியடித்து நுழைந்தது காகிதக் கிடங்கு. ஜன்னல் இல்லாத அறை. முகத்துக்கு முன்னால் சுவர். முதுகுக்குப் பின்னால் நெரிசல். திரும்ப இடமில்லை. மூச்சுவிடக் காற்றில்லை.

அந்தப் புகையில் அந்த எழுத்தைப் படிக்க முடிந்தவர் ஒருவர்தான். அதை வெட்டியவர். படிக்கட்டை அடைந்துவிட்டவர் ஏன் திரும்பி வந்தார்?

"டேய், அது கிடங்குடா! இந்தப் பக்கம்! என் குரலைப் பிடிச்சிட்டு வாங்க!"

கத்தினார், கத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவராக வெளியே வந்தோம். கடைசி ஆள் வந்தபோது குரல் நின்றுவிட்டது.

எதிர்பாராத விபத்து என்று அறிக்கை விட்டீர்கள். எதிர்பாராததா? அக்கா எதிர்பார்த்தார்! உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்!

புகை நாற்றம் போகுமுன்பே வேலைக்கு வந்தோம், அதே பலகைகளுக்குக் கீழே. வேறு எங்கே போவோம்? எங்களுக்கு யார் சோறு போடுவார்கள்?

அக்காவின் பணியைத் தொடர்வோம். இது உறுதி. 'பாதி'யைச் சுவரொட்டியில் வைப்போம், அட்டையில் வைப்போம், கடைவாசலில் நிமிர்ந்து நிற்கச் செய்வோம். உயிர் தப்பும் வழியில் வைக்க விடமாட்டோம்!

இந்தக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். இரண்டின் மேலும் இப்போதும் அதே எழுத்து. ஏணி கொண்டு வந்திருக்கிறோம். இயக்குநர் அவர்களே, கழற்றச் சொல்லுங்கள். நாளை அல்ல. இந்தக் கூட்டம் கலையும் முன்.

சொல்லுங்கள் சார்.

கீழே என்ன பார்க்கிறீர்கள்? இவ்வளவு பேர் காத்திருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.