லென்ஸில் ஒரு சின்னச் சுவிச்

— கதிரை வேண்டாம் அத்தான், நான் இருக்க வரேல்ல. இந்தப் படங்களைப் பாருங்கோ முதல்.

— பாத்தனான் வினோஜா. நான் எடுத்த படங்கள்தானே.

— ஓம், நீங்கள் எடுத்ததுதான். பதினாலு. டிப்பர் எண்டு விளங்குது, மணல் எண்டு விளங்குது. நம்பர் பிளேட் மட்டும் கரைச்ச மா மாதிரி இழுபட்டுக் கிடக்கு. நேற்று மணல் பெர்மிட் குடுக்கிற கந்தோரில இருந்த ஐயா ஒவ்வொண்டாப் பாத்துப்போட்டு, நம்பர் இல்லாமல் நான் ஆரைப் போய்ப் பிடிக்கிறது தங்கச்சி எண்டு திருப்பித் தந்தவர். எனக்குப் பின்னால எங்கட மாதர் சங்கத்துப் பொம்பிளையள் ஏழு பேர், பூநகரியில இருந்து விடிய பஸ் பிடிச்சு வந்ததுகள். ஆத்து மணலை அள்ளி அள்ளி எங்கட கிணறுகள் உவராப் போச்சு எண்டு காட்டப் பத்மாசனியக்கா ஒரு போத்தில் தண்ணி கொண்டு வந்தவா. அவர் மூடியைக்கூடத் திறக்கேல்ல.

— கோவிக்காதை பிள்ளை. காலமை ஆறு மணி, வெளிச்சம் காணாது. டிப்பரும் ஓடிக்கொண்டு போகுது.

— ஆட்டம் பிடிக்கிற ஸ்டெபிலைசர் லென்ஸில இருக்கு எண்டு சொல்லிச் சொல்லித்தானே கலியாண ஓடர் எடுக்கிறனீங்கள்.

— பார் பிள்ளை, அது என்ர கை ஆடுறதைத்தான் பிடிக்கும். டிப்பர் ஓடுறதை அது என்ன செய்யிறது.

— இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு தெரிஞ்சு, இஞ்ச வர முதல் பிரேமிளாவிட்டப் போனனான்.

— எந்தப் பிரேமிளா?

— கிளிநொச்சிச் சந்தையடியில ஸ்டூடியோ வைச்சிருக்கிறவா. லென்ஸின்ர பக்கத்தில ஒரு சின்னச் சுவிச் இருக்காம். ஒண்டில விட்டால் எந்தப் பக்கம் அசைஞ்சாலும் அது மறிக்குமாம். ஓடுற வாகனத்தோட சேர்த்துக் கமராவைத் திருப்பேக்குள்ள அதையும் ஆட்டம் எண்டு நினைச்சு மறிக்க, படம் இழுபடுமாம். ரெண்டில விட்டால் மேல கீழ ஆடுறதை மட்டும் பிடிச்சுக்கொண்டு, பக்கவாட்டில திருப்ப விட்டிடுமாம். ஷட்டர் வேகமும் வேணுமெண்டு குறைச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு எண்டவா. தெரியாமல் செய்ததெண்டால் இது புதுசாக் கமரா தூக்கின ஆள் விடுற பிழையாம். நீங்கள் புது ஆளோ அத்தான்?

— அவசரத்தில மறந்திட்டன்.

— பொய். உங்களுக்குப் பின்னால சுவரில தொங்குறது என்ன? பூநாரை, கரைக்கடலுக்கு மேலால பறக்குது. செட்டையில இறகை ஒவ்வொண்டா எண்ணலாம். அதுவும் இந்த லென்ஸ்தானே. பறவைக்கு மறக்காத சுவிச் எங்கட கிணத்துக்கு மட்டும் மறந்து போச்சோ?

— மெல்லக் கதை. கௌசலா குசினியில நிக்கிறா.

— அக்காவுக்கும் கேக்கட்டும். தன்ர புருசன் என்ன செய்தவர் எண்டு அவாவும் அறியட்டும். மணல்காரர் ஆரும் வந்து உங்களோட கதைச்சவங்களோ?

— வினோஜா, வார்த்தையை அளந்து விடு. அவங்கட ஒரு தேத்தண்ணிகூட நான் குடிக்கேல்ல.

— அப்ப பதினஞ்சாவது படம் எங்க?

— என்ன பதினஞ்சு?

— ஒவ்வொரு படத்துக்கும் கமரா தானா ஒரு இலக்கம் போடுதாமே. நீங்கள் தந்தது ரெண்டில தொடங்கிப் பதினஞ்சில முடியுது. ஒண்டு எங்க? அழிச்சிட்டியளோ?

— அழிக்கேல்ல.

— காட்டுங்கோ.

— வேண்டாம் பிள்ளை.

— எங்கட ஊர்ப் பேச்சியம்மா மூண்டு கட்டை தூரம் நடந்து குடிதண்ணி கொண்டு வாறா. போன போகம் என்ர நெல்லு உப்புத் தண்ணியால வெள்ளையாக் கருகினது. உங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு வேணும். காட்டுங்கோ அத்தான்.

— கேள். முதலாவது படம் ஆட்டமில்லாமல் விழுந்தது. நம்பர் துப்பரவாத் தெரிஞ்சுது. முன் கண்ணாடிக்குள்ளால சாரதியின்ர முகமும் தெரிஞ்சுது. அதைப் பாத்த பிறகுதான் சுவிச்சை ஒண்டுக்குத் தள்ளினனான், வேகத்தையும் குறைச்சனான். ஓம், வேணுமெண்டுதான் செய்தனான். உன்ர தம்பியடி. நிரோசன். வவுனியாவில அரிசி மில்லில நிக்கிறன் எண்டு வீட்டில சொல்லிப்போட்டு, அந்த டிப்பரை ஓட்டுறது அவன். முதலாளி பிடிபடமாட்டான், முதல் உள்ளுக்குப் போறது அவன்தான். பிறகு நான் உன்ர அக்காவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? நீ எப்பிடித் தாங்குவாய்?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ஓட்டுறது அவனெண்டு. ஃபோனைத் தூக்கிக்கொண்டு நான் மூண்டு நாள் விடியக்காலமை அந்த ரோட்டில நிண்டனான் அத்தான், என்ர கை ஒருநாளும் ஆடாமல் நிக்கேல்ல, அதாலதான் உங்களைக் கூப்பிட்டனான். அந்த முதலாவது படத்தைத் தாங்கோ.