சட்டைப் பையில் இருந்த பிரிசம்

அந்தப் பிரிசத்தைக் கைக்குட்டையால் துடைக்காதீர்கள் சார். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது கால்சைட் கல்; துணி உரசினாலே கீறல் விழும். பதினோரு மாதம் என் சட்டைப் பையில் இருந்தும் ஒரு கீறல் கிடையாது, பாருங்கள்.

என் பெயர் பாண்டீஸ்வரன். தேனியில் ஒரு தனியார் லேபில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். எங்கள் மைக்ராஸ்கோப் ஏதோ கல்லூரியில் ஏலத்துக்கு வந்தது. பழசு என்று இளக்காரம் வேண்டாம். அதில் இப்படி இரண்டு பிரிசம். ஒன்று ஸ்லைடுக்குக் கீழே, ஒன்று மேலே. மேலே உள்ளதைக் குறுக்காகத் திருப்பினால் எல்லாம் இருண்டுவிடும். நுரையீரல் சதையில் கல் தூசி இருந்தால் அது மட்டும் மினுங்கும். மேல் பிரிசத்தைக் கழற்றிவிட்டால் சதை தெரியும், தூசி தெரியாது.

முதலில் மினுங்கியது சீனிச்சாமியின் ஸ்லைடு. வருசநாட்டுக்காரர், ஜல்லி அரைக்கும் கிரஷருக்காகப் பாறையில் வெடி வைக்கத் துளை போடுகிறவர். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வரும் டாக்டர் செல்வமணி அவரை உட்காரவைத்து, இது கல் தூசி நோய், குணமாக்க மருந்து இல்லை என்று பக்குவமாகத்தான் சொன்னார். சீனிச்சாமி வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தார். பிறகு அவர் மனைவி அக்கம்மாள் லேபுக்கு வந்தார்.

"ஏன்யா சொன்னீக? தெரியாம இருந்திருந்தா கஞ்சியாச்சும் குடிச்சிருப்பாகல்ல?"

மருந்தில்லாத நோயைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம்? அன்றைக்கே மேல் பிரிசத்தைக் கழற்றினேன். ஒட்டு விட்டுப்போச்சு, ரிப்பேருக்கு அனுப்பியிருக்கேன் என்று டாக்டரிடம் சொன்னேன். வாராவாரம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ரிப்போர்ட்டில் காசநோயாக இருக்கலாம் என்று எழுத ஆரம்பித்தார்.

காசநோய்க்கு மாத்திரை உண்டு. மாத்திரை உண்டு என்றதும் ஜனங்கள் முகம் எப்படித் தெளியும் தெரியுமா? அதற்காகத்தான் செய்தேன். விசாரணைக்கு வந்த நீங்கள் சந்தேகப்படுவது போலக் காசுக்காக இல்லை; கிரஷர் முதலாளியை நான் பார்த்ததுகூட இல்லை.

காமயகவுண்டன்பட்டி தங்கப்பாண்டியும் அப்படி வந்தவர்தான். அதே கிரஷர், முப்பத்தொரு வயது. அவர் மனைவி சுப்புத்தாய் ரிப்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே வேலைக்குப் போகலாமாண்ணே? வீட்ல இருங்கன்னா இவுக கேக்க மாட்டேங்குறாக."

"தாராளமாப் போகட்டும் ஆத்தா."

போனார். ஏழு மாதம் போனார். புரட்டாசியில் அடக்கம் செய்தார்கள்.

டாக்டர் ஊருக்குக் கிளம்பிய பிறகு பிரிசத்தை மாட்டி ஒவ்வொரு ஸ்லைடையும் நான் மட்டும் பார்த்துக்கொள்வேன். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமில்லையா? ஒன்பது பேர். ஒன்பதும் மினுங்கின. பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். சில நாள் அழுதிருக்கிறேன். பிறகு பிரிசத்தைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வேன். ஆறு பேர் இப்போது இல்லை.

ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகியிருந்தால் இன்னும் பல வருடம் இருந்திருப்பார்கள் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நான் டாக்டருக்குப் படித்தவனில்லை.

என் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், தை கடைசியில் சுரேஷ்கண்ணனுக்கு அதே கிரஷரில் சூப்பர்வைசர் வேலை வந்தது. ஆர்டரைக் கிழித்துப் போட்டேன். என் மனைவி மகாலட்சுமி ஏனென்று கேட்டாள்.

"அங்கன நிக்கிற ஒவ்வொரு நாளும் உசுரு குறையும். எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் சுப்புத்தாய் ரிப்போர்ட் வாங்க வந்தாள்.