எலி எழும்பி நடந்துட்டாம்

குளச்சல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கச்சியும். அக்கா மடியில் ஊன்றுகோல், தங்கச்சி கையில் பேப்பர்.

“எலி எழும்பி நடந்துட்டாம், அக்கா.”

“எந்த எலி?”

“நரம்புக்கு மேல உள்ள உறை உனக்குத் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாருல்லா? அதே சீக்க எலிக்கு வரவச்சு, ஏதோ செடிச் சத்தும் ஸ்டெம் செல்லும் ஊசி போட்டாங்களாம். உறை திரும்ப வளந்துட்டாம்.”

“என்ன செடி? வல்லாரையா? ரெண்டு வருசமா அத அரச்சுக் குடிக்கேனே.”

“ஏதோ இங்கிலீஷ் பேரு. மனுசனுக்கு வர இன்னும் பல வருசம் ஆகுமாம்.”

அக்கா மடியிலிருந்த ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினாள்.

“நாம எறங்க இன்னும் எத்தன ஸ்டாப் ஏட்டி?”

“மூணு.”

“அப்பம் கையப் பிடி. இப்பமே எழும்பினாத்தான் வாசலுக்குப் போய்ச் சேருவேன்.”